ரகம் பிரித்த நாவல்

என் மனைவியின் காகிதங்களை நான் கெடுத்துவிட்டேன் என்று மதுரையில் ஒரு நூலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். கெடுக்கவில்லை, சுத்தம் செய்தேன். இதைச் சொன்னால் யாரும் காது கொடுப்பதாக இல்லை. அதனால் நடந்ததை நானே எழுதிவைத்துவிடுகிறேன். எழுதுவது அவளுடைய தொழில். என்னுடைய தொழில் ஏலக்காய். போடியில் ஒரு கிட்டங்கி வைத்து, மலையிலிருந்து வரும் காயை வாங்கி, ரகம் பிரித்து, மூட்டை போட்டு வடக்கே அனுப்புகிறவன் நான். ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் எனக்குக் கால் குறுகுறுக்கும். இதை எழுதும்போதே எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே ஒன்றும் இல்லை.

அவள் சிலமலையில் தமிழ் டீச்சராக இருந்தாள். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவாள். ஊருக்கு அவள் டீச்சர். நாவல் எழுதுகிறவள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை. இரண்டு நாவல்கள் புத்தகமாக வந்தன. முதல் புத்தகத்துக்கு மதுரையில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான், அன்றைக்கு ஏலத்தில் விலை எப்படிப் போகிறது என்று போனில் விசாரிக்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவள் பேசி முடித்திருந்தாள். "நல்லாப் பேசுன" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் சிரிப்பும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

மலையில் காய் எடுக்கும் காலம் வந்தால் அவளுடைய வகுப்பு பாதி காலியாகிவிடும். சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்துப் பெண்கள் விடியும்போதே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து எஸ்டேட்டுகளுக்குப் போவார்கள். கூடவே பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வார்கள். இவள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் நின்றுகொள்வாள். பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கீழே இறக்குவாள். "டீச்சரு வர்றாங்க, வெரசா எடுங்கண்ணே" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வரும். டிரைவர்கள் செக்போஸ்ட்டுக்குப் பயந்ததைவிட அவளுக்குத்தான் அதிகம் பயந்தார்கள். இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை இருந்தால், இவளும் அதே ஜீப்பில் ஏறி அந்தப் பிள்ளையின் அம்மாவோடு பேசிக்கொண்டே மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் போய், அங்கே இரண்டு பேருமாக இறங்கித் திரும்பி வருவார்கள். மூன்றாவது நாவல் அந்த ஜீப்புக்குள் பிறந்ததுதான் என்று அவளுடைய தோழி பிறகு சொன்னாள். என் மனைவி என்னிடம் சொன்னதில்லை.

அந்த நாவலை அவள் ஒரே மாதிரித் தாளில் எழுதவில்லை. மிஞ்சிப்போன வினாத்தாளின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம், காலண்டர் தாள், என் கடை பில் புத்தகத்தில் மிச்சமிருந்தது, எது கையில் கிடைத்ததோ அது. பக்க எண் போட மாட்டாள். "நடுவுல செருகணும்ல, நம்பர் போட்டா எப்படிச் செருகுறது?" என்பாள். செருகிய வரிசையிலேயே, அத்தியாயம் அத்தியாயமாக, மூட்டை தைக்கும் சணலால் கட்டி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பெட்டி கட்டிலுக்குக் கீழே அப்படியே கிடந்தது. நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பிறகு அந்த நூலகத்திலிருந்து போன் வந்தது. அம்மாவின் கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்த விரும்புகிறோம், எங்கள் ஆய்வாளர் நேரில் வருவார் என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே பெட்டியைத் திறந்தேன். மழை ஈரம் ஏறி ஒரு நாற்றம். ராமபாணப் பூச்சி நாலைந்து ஓடியது. பெரிசும் சின்னதும் வெள்ளையும் பழுப்புமாக ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. என் கிட்டங்கியிலிருந்து கலப்புச் சரக்கு ஒருநாளும் வெளியே போனதில்லை. ஊர் பேர் தெரியாதவர்களுக்கு அனுப்புவதையே அவ்வளவு பார்த்து அனுப்புகிறவன், பெண்டாட்டியின் சரக்கை இந்தக் கோலத்திலா அனுப்புவேன்?

கட்டுகளை எல்லாம் அவிழ்த்தேன். களத்தில் பாய் விரித்து வெயில் காட்டினேன். மலைக்காற்று தூக்கப் பார்த்தது, நாலு பக்கமும் எடைக்கல்லை வைத்தேன். வெயில் ஏறிய பிறகு அத்தனையையும் ஒரு சாக்கில் அள்ளிக் கிட்டங்கிக்குக் கொண்டுபோய், காய் பிரிக்கும் பெண்களின் நடுவில் கொட்டினேன்.

எங்களிடம் ரொம்பக் காலமாக வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, அவள்தான் அங்கே பெரியவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாளே தவிரத் தொடவில்லை.

"அண்ணே, இது டீச்சரு எழுத்துல்ல? நாங்க கை வைக்கலாமா?"

"படிக்கவா சொன்னேன்? பிரிக்கத்தான ஆத்தா சொல்றேன். மொதல்ல சைசு. அப்புறம் நெறம். நம்ம காய்க்குச் செய்யிறதுதான்."

அவ்வளவுதான், கைகள் ஓட ஆரம்பித்தன. காயைச் சலித்து அளவு பார்த்து, பிறகு பச்சை, வெளிறியது, வெடித்தது என்று ஒதுக்கிப் பழகிய கைகள். காகிதம் அவர்களுக்கு எந்த மூலைக்கு? அவர்களில் ஒருத்தி என் மனைவியிடம் படித்தவள், ஜீப்பிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி. ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"சோலியப் பாரு தாயி. கதை படிக்கவா கூலி குடுக்குறேன்?"

"இல்லண்ணே, இதுல எங்க ஊரு ஜீப்பு வருது…"

"ஜீப்பு எல்லா ஊருக்குந்தான் வருது. வெரசா முடி."

பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. பெரிசு, நடுத்தரம், சின்னது. ஒவ்வொன்றிலும் வெள்ளை, பழுப்பு, கறை பட்டது. ஓரம் ஒரு நூல் பிசகாத கட்டுகள். புதுச் சணல் போட்டுக் கட்டி, பூச்சி வராமல் இருக்க ஒவ்வொரு கட்டிலும் முதல் ரகக் காயாக ஒரு கைப்பிடி போட்டேன். போட்டோ எடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாள். அவளும் என் மகள்தானே.

ஆய்வாளர் என்று வந்தது ஒரு இளம்பெண். வியர்த்து விறுவிறுத்து வந்தவளுக்கு மோர் கொடுத்தேன். கட்டுகளை மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு, பாராட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் முதல் கட்டை அவிழ்த்தாள். இரண்டாவதை அவிழ்த்தாள். மூன்றாவதைத் தொடவில்லை.

"அம்மா வச்சிருந்த வரிசை எங்கய்யா?"

"வரிசை இதுதாம்மா. பெரிசுல ஆரம்பிச்சு சின்னது வரைக்கும்."

"யார் இப்படிப் பிரிச்சது?"

"நாந்தான். நம்ம ஆளுகளை வச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். மெதுவாக, "நாவலோட மொதல் பக்கம் எதுய்யா?" என்று கேட்டாள். பெரிய கட்டின் மேல் தாளை எடுத்து நீட்டினேன். அது பாதி வாக்கியத்தில் ஆரம்பித்தது. இன்னொன்றை எடுத்தேன். அதிலே யாரோ ஒருத்திக்குச் சீமந்தம் நடந்துகொண்டிருந்தது, அவளுக்குக் கல்யாணம் ஆனது எந்தக் கட்டில் இருக்கிறதோ தெரியவில்லை. எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன், மறுபடி போட்டேன்.

கடிதங்களையும் பழைய டைரிகளையும் அவள் எடுத்துக்கொண்டாள். நாவலை மட்டும் எடுக்கவில்லை. "எழுதினவங்க எப்படி விட்டுட்டுப் போனாங்களோ, அப்படியே இருந்தாத்தான் அதுக்கு மதிப்புய்யா. நீங்க வீட்டு மனுஷர். உங்களால முடிஞ்ச மட்டும் வரிசைப்படுத்தி வைங்க. அடுத்த மாசம் வர்றேன்" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, "இல்லேன்னா இதை நாவல்னு சொல்ல முடியாதுய்யா, வெறும் தாள்தான்" என்றாள். அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. என் மனைவி எழுதிய கடைசிப் புத்தகம் அது. அது வெறும் தாள் ஆனதற்கு நான் காரணம்.

ஆக, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, என் மனைவி எழுதியதை நான் முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தேன். கிட்டங்கித் தரை முழுக்கப் பரப்பிவைத்தேன். குனிந்து ஒன்றை எடுத்துப் படிப்பேன், நடந்து போய் இன்னொன்றின் பக்கத்தில் வைப்பேன், திரும்பி வந்து அதை மாற்றுவேன். பெண்கள் ஓரமாக ஒதுங்கிக் காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தரித்து நிற்க முடியவில்லை. காய் வாங்க மலைக்குப் போகும்போதும் ஒரு பை நிறையத் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். போடிமெட்டில் டீக்கடை பெஞ்சில் வைத்துப் படித்தால் பனி வந்து எழுத்தை மறைத்தது. கடைக்காரர், "எந்தா முதலாளி, பரிட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

கதை இதுதான். தினமும் ஜீப்பில் மலையேறிக் காய் எடுக்கப் போகும் ஒரு பெண். அவளுடைய புருஷன் காய் எடை போடுகிறவன். கெட்டவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. வீட்டில் அவன் பேசுவதெல்லாம் எடையும் விலையும் மட்டும். சோற்றைக்கூட விரலில் உருட்டிப் பார்த்துத்தான் வாய்க்குக் கொண்டுபோவான் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைப் பார்த்தேன். விரல் நடுவே ஒரு பருக்கை உருண்டுகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஏன், இவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்? புத்தகம் போடப் பணம் கேட்டபோது மறுபேச்சுப் பேசினேனா? பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டிவந்ததில்லையா? செத்துப்போனவளோடு வீட்டுக்குள் நடந்து நடந்து சண்டை போட்டேன். பிறகு மறுபடி வந்து உட்கார்ந்து படித்தேன். அந்தப் பெண் என்ன ஆகிறாள் என்று தெரிந்தே ஆக வேண்டும் எனக்கு. அவள் புருஷனோடு இருந்தாளா, இல்லையா?

கொஞ்சம் கொஞ்சமாக வரிசை பிடிபட்டது. கல்யாணத்துக்கு முந்தியது, பிள்ளை பிறந்தது, பிள்ளை பெரிசானது என்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. வாக்கியம் முறிந்த இடத்தில் அடுத்த தாளைத் தேடிப் பிடித்து ஒட்டவைத்தேன். எல்லாம் முடிந்து கடைசியில் இரண்டு தாள்கள் மிஞ்சின.

ஒன்றில், அவள் காலையில் ஜீப்பில் போகிறாள். மடியில் சோற்றுத் தூக்கு இல்லை, ஒரு துணிப்பை இருக்கிறது. எஸ்டேட் திருப்பத்தில் மற்றவர்கள் இறங்குகிறார்கள். டிரைவர், "எறங்கலையா?" என்று கேட்கிறான். "இன்னும் போகணும்" என்கிறாள். ஜீப் போகிறது.

மற்றதில், அவள் சாயங்கால ஜீப்பில் வந்து இறங்குகிறாள். சில நாள் எங்கோ இருந்துவிட்டு வருகிறாள் என்று தெரிகிறது. புருஷன் வாசலில் நிற்கிறான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்கிறான். அவள் உள்ளே போய்த் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறாள்.

போனவள் திரும்பி வந்தாள் என்றால் அது ஒரு நாவல். திரும்பி வந்தவள், அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு, பையை எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போனாள் என்றால் அது வேறு நாவல். இரண்டுக்கும் முன்பின் எதுவும் ஒட்டவில்லை. மையைப் பார்த்தேன், ஒரே மை. தாளைத் தடவிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன். இரண்டும் ஒரே வினாத்தாளின் பின்பக்கம். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே கட்டிலிருந்து வந்தவை.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, திரும்பி வர்றதைக் கடைசியா வைங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

யாருக்கும் தெரியாதுதான். அப்படியே வைத்தேன். சணலை எடுத்துக் கட்டினேன். கட்டி வைத்துவிட்டு ஜீப் ஏறி மலைக்குப் போனேன். காயைக் கையில் அள்ளினால் மனசு காயில் நிற்கவில்லை. விலை பேச வாயெடுத்தால் வேறெதையோ பேசினேன். மதியமே திரும்பி வந்து கட்டை அவிழ்த்து இரண்டு தாளையும் இடம் மாற்றினேன். மறுநாள் மறுபடி மாற்றினேன். சணல் நைந்துபோய் வேறு சணல் எடுக்க வேண்டியதாயிற்று.

ஏனென்றால் அந்த வாக்கியம் என்னுடையது. எங்கள் மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், முழுப்பரிட்சை லீவில், தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி மலைக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த எஸ்டேட் பள்ளிக்கூடம் பூப்பாறைக்குப் பக்கத்தில் இருந்தது, தோழி இன்னும் அங்கேதான் இருந்தாள். போனவள் மறுநாளும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. நான் போன் பண்ணினால் மழை என்றாள், ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்றாள். அதே ரோட்டில் மலையிலிருந்து காய் லோடு தினமும் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப்போகும் சமயத்தில் ஒரு சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கினாள். நான் வாசலில் நின்றிருந்தேன். "குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்றேன். அந்தத் தாளைப் படிக்கும் வரைக்கும் அதை என் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லையே, இந்த ஊரில் எந்த ஆம்பளை அப்படி இருப்பான் என்று உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டதும் உண்டு. அவள் குளித்துவிட்டு வந்தாள், சாப்பிட்டோம், அதற்குப் பிறகும் வருஷக்கணக்காகச் சேர்ந்து சாப்பிட்டோம்.

சொன்னபடி அந்த ஆய்வாளர் பெண் அடுத்த மாதம் வந்தாள். இந்த முறை மேஜை மேல் ஒரே கட்டு. அவள் முதல் தாளிலிருந்து புரட்டிக்கொண்டே போனாள், முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "நல்லா வந்திருக்குய்யா, பெரிய வேலை பார்த்திருக்கீங்க" என்றாள். ஏங்கி ஏங்கிக் காத்திருந்த பாராட்டு வந்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. கடைசியில், கட்டில் சேராமல் தனியாக வைத்திருந்த இரண்டு தாள்களையும் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டையும் படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

"இதுல எது கடைசிய்யா?"

"தெரியலம்மா."

"உத்தேசமாச் சொல்லுங்களேன். கூடவே இருந்திருக்கீங்க."

"உத்தேசமாச் சொன்னா எனக்குப் புடிச்சதைத்தாம்மா சொல்லுவேன். அது அவ எழுதுனதாகாது."

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் எட்டாம் வகுப்புக் கேள்விகள் இருந்தன. அவற்றில் ஒரு குறிப்பும் இல்லை, அதை நான் முன்பே பார்த்தாயிற்று. வெளியே ஏதோ ஒரு வண்டி வந்து நின்றது, நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"இவ்வளவு வருஷமா ஒரே வீட்டுல எழுதியிருக்காங்க. கதை எப்படி முடியுதுன்னு ஒரு தடவைகூட நீங்க கேக்கலையாய்யா? கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?"

"சொல்லியிருப்பாம்மா" என்றேன். "அதுக்குப் பயந்துதான் கேக்கல."